மணியக்காரர் சத்திரம்: பெயரும் வரலாறும்

சென்னை இராயபுரத்தில், ஸ்டான்லி மருத்துவமனையின் அருகே, ஆதரவற்ற முதியோரைப் பேணும் பழைய அறநிலையம் ஒன்று உள்ளது. ஆங்கில ஆவணங்கள் இதனை 'மோனேகர் சௌல்ட்ரி' எனக் குறிக்கின்றன. இதனை அவ்வாறே ஒலிபெயர்த்தால், மோனேகர் என்பது யாரோ ஒரு வள்ளலின் இயற்பெயர் போலத் தோன்றும். அஃது இயற்பெயரன்று, பதவிப்பெயர். மணியம் என்பது மேற்பார்வை, மணியக்காரர் ஊர்த்தலைவர். 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' அகராதியும் இவ்வாறே விளக்குகிறது.

1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் புகுந்தது. வேளாண்மை அழிந்தது, பஞ்சம் சூழ்ந்தது, பசித்தோர் சென்னையை நாடி வந்தனர். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட இடமே இச்சத்திரம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் இங்கு நோயாளர்க்கு ஒரு விடுதி அமைத்தார். அதுவே வளர்ந்து, 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. எனினும் மக்கள் நாவில் அது நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'யே. ஆளுநரின் பெயரால் கஞ்சியை எளிதில் வெல்ல இயலவில்லை போலும்.

'சௌல்ட்ரி' என்னும் சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. அதன் மூலம் சத்திரம் அன்று, சாவடி. இருமொழி வழங்கும் எல்லைப் பகுதிகளில் தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே அறிந்த சொல் அது. பதினேழாம் நூற்றாண்டுச் சென்னையில் ஆங்கிலேயர் வழக்கு விசாரித்த மன்றமும் 'சௌல்ட்ரி' எனப்பட்டது. பின்னர் அச்சொல் தங்குமிடத்தையும் அன்னசாலையையும் குறிக்கலாயிற்று. ஆக, சாவடியாகப் புறப்பட்ட சொல் சத்திரமாகத் தமிழுக்குத் திரும்பியுள்ளது. சொற்பிறப்பு நோக்கில் இது பிழை. பொருள் நோக்கில் இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. சத்திரம் சோற்றோடு தொடர்புடைய சொல், சாவடி அவ்வாறன்று.

ஆயினும் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடமே சத்திரம் என்பது பொது வழக்கு. இங்குள்ள முதியோரோ வழிப்போக்கர் அல்லர்; தம் இறுதிக் காலத்தைக் கழிக்க வந்தவர்கள். சொல் மாறாதிருக்கப் பொருள் மாறியுள்ளது. இதனை 'முதியோர் இல்லம்' என மொழிபெயர்ப்பது இன்றைய பணியைத் தெளிவாக்கும். ஆனால் 1782ஆம் ஆண்டின் பசியை அத்தொடர் அறியாது. எனவே 'மணியக்காரர் சத்திரம்' என்றே எழுதி, முதியோர் இல்லம் என்பதை விளக்கமாகச் சேர்ப்பதே தக்கது.