அச்சேறியதெல்லாம் சட்டமா?

"புத்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் வாதம் அத்தோடு முடிந்துவிடும். சட்டக் கல்லூரிகளிலும் அப்படித்தான். இணையத்தில் கிடைப்பதை நம்பத் தயங்கும் மாணவர்கூட, தடித்த அட்டை போட்ட தீர்ப்புத் தொகுப்பைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் சட்ட நூல்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டவர்கள் பெரும்பாலும் தனி நபர்கள். நீதிபதி வாய்மொழியாகச் சொல்வதை நீதிமன்றத்தில் அமர்ந்து குறிப்பெடுத்து, தங்கள் பெயரிலேயே புத்தகம் போட்டார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறியது. பர்னார்டிஸ்டன் என்பவரின் தொகுப்பை 1761-ல் ஒரு வழக்கில் மேற்கோள் காட்ட முயன்றபோது, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தடுத்துவிட்டார். அதைப் படிக்கச் சொன்னால் மாணவர்கள்தான் தவறான வழியில் போவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1865-ல் அங்கே சட்ட அறிக்கைகளுக்கான தனி மன்றம் ஒன்று உருவானது. இந்தியாவில் 1875-ல் இந்தியச் சட்ட அறிக்கைகள் சட்டம் வந்தது. 1876 முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அரசின் அதிகாரத்தோடு அச்சாகத் தொடங்கின.

சரி, அதிகாரபூர்வத் தொகுப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அமெரிக்காவில் 1886-ல் நடந்ததைப் பார்ப்போம்.

சாண்டா கிளாரா மாவட்டத்துக்கும் சதர்ன் பசிபிக் ரயில்வேக்கும் இடையே வரி வழக்கு. அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு, 'நபர்' என்ற முறையில் நிறுவனங்களுக்கும் உண்டா என்ற கேள்வி அதில் எழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குள் போகவே இல்லை. ரயில் பாதை வேலிகளுக்கு வரி மதிப்பிட்டது மாநிலச் சட்டப்படி செல்லாது என்று வழக்கை முடித்துவிட்டது. ஆனால் வாதம் தொடங்கும் முன், நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்பதே எங்கள் கருத்து என்று தலைமை நீதிபதி வெய்ட் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் சரியாகக் குறித்துக்கொண்டேனா என்று தொகுப்பாளர் பான்கிராஃப்ட் டேவிஸ் கடிதம் எழுதிக் கேட்டார். அதைத் தொகுப்பில் சேர்ப்பதா என்ற முடிவை அவரிடமே விட்டுவிட்டார் வெய்ட். டேவிஸ் அதைச் சேர்த்தார், தலைக்குறிப்பிலும் எழுதினார்.

தீர்ப்பில் இல்லாத ஒன்று, தீர்ப்புக்கு மேலே அச்சாகிவிட்டது. 1889-லேயே உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முன்னுதாரணமாகக் காட்டியது. தலைக்குறிப்பு நீதிமன்றத்தின் எழுத்து அல்ல என்று 1906-ல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆனால் நிறுவனங்களும் 'நபர்' என்ற கொள்கை அதற்குள் வேரூன்றிவிட்டது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை தரக்கூடிய பிரிவு அது. ரத்தான பிறகும் அதன் கீழ் வழக்குகள் பதிவாயின. எப்படி? 2021-ல் அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தில் அளித்த விளக்கம் இது: சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது. காவலர் பிரிவைப் படித்தார், அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. இப்பிரிவை அச்சிடும் எந்த வெளியீடும் அது செல்லாது என்பதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆக, அச்சு நூல்கள் வேண்டாம் என்பதல்ல பாடம். ஒரு பக்கத்தைப் புரட்டும்போது இரண்டு கேள்விகள் போதும். இந்த வரியை எழுதியது நீதிபதியா, தொகுப்பாளரா? அச்சான பிறகு இதற்கு என்ன ஆயிற்று? வகுப்பறையில் இவற்றைக் கேட்க மறந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். காவல் நிலையத்தில் கேட்க மறந்தால், இல்லாத சட்டத்துக்காக ஒருவர் கம்பி எண்ண நேரிடும்.