முயலின் நெஞ்சுப் படம்: நான்கு வரி அறிக்கைக்கு உரை

முயலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் மிருக வைத்தியர் தரும் அறிக்கை சில வரிகளில் முடிந்துவிடும். மாதிரிக்கு ஒன்றை எழுதிக்கொண்டு, அப்புத்தளையில் முயல் வளர்ப்பவர்களுக்காக வரிவரியாகப் பார்ப்போம்.

“வலப்பக்கம் படுத்த நிலை; மூச்சு உள்ளிழுத்தபோது எடுத்தது.”

முன்னங்கால்களை முன்னே இழுத்துப் பிடித்தால்தான் தோள் தசை இதயத்தின் மேல் விழாது. மூச்சை விட்ட நொடியில் எடுத்தால் நுரையீரல் சுருங்கி, இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முயலுக்கு மூச்சுவிட மூக்குத்தான் கதி. வாய் திறந்து மூச்சு வாங்கும் முயலை அப்படியே படுக்கவைக்கக் கூடாது. முதலில் ஒட்சிசன், பிறகு படம்.

“இதயத்தின் முன் ஓரம் தெளிவில்லை.”

பயப்பட வேண்டாம். மனிதருக்கு வளர வளரச் சுருங்கிவிடும் தைமஸ் சுரப்பி, முயலுக்கு இதயத்தின் முன்னால் கடைசிவரை இருக்கும். கொழுத்த முயலில் கொழுப்பும் சேர்ந்து, வீங்கிய இதயம்போல ஏமாற்றும்.

“முள்ளெலும்பு அளவு 8.2.”

அறிக்கையின் உயிர் இதில்தான். மூச்சுக்குழல் பிரியும் இடத்திலிருந்து இதய நுனிவரை ஒரு கோடு. அதற்குக் குறுக்கே, இதயம் மிக அகன்ற இடத்தில் இன்னொன்று. இரண்டையும் நான்காவது மார்பு முள்ளெலும்பின் முன் விளிம்பிலிருந்து வைத்து, எத்தனை முள்ளெலும்பு நீளம் என்று எண்ணிக் கூட்டுகிறார்கள். 4.6உம் 3.6உம் சேர்ந்தால் 8.2. சென்டிமீட்டரில் சொன்னால் சிறிய முயலையும் பெரிய முயலையும் ஒப்பிட முடியாது. அதனதன் முதுகெலும்பே அதற்கு அளவுகோல்.

1995இல் புக்கானனும் பூகலரும் நாய்களுக்காக வகுத்த முறை இது. நாய்க்குச் சராசரி 9.7. அந்தக் கணக்கை முயலுக்குப் போட்டால் பெருத்த இதயமும் நல்ல இதயமாகிவிடும். ஜப்பானில் ஓனுமா குழுவினர் 27 முயல்களை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், 1.6 கிலோவுக்குக் குறைந்தவற்றின் சராசரி 7.55, கூடியவற்றுக்கு 7.99. ஆகவே 8.2 என்பது இரண்டரைக் கிலோ முயலுக்குச் சாதாரணம். ஒரு கிலோ முயலுக்குக் கவனிக்க வேண்டியது. எடை எழுதாத அறிக்கையைப் பாதி அறிக்கை என்றே சொல்வேன்.

“எக்கோ பார்க்கவும்.”

படம் இதயத்தின் வெளியுருவத்தைத்தான் காட்டும். சுவர் தடித்ததா, அறை விரிந்ததா, சுற்றி நீர் கோத்ததா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குத்தான் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை. ஆனால் அதற்குப் போகக்கூடிய மிருக வைத்தியபீடத்தின் போதனா ஆஸ்பத்திரி இருப்பதோ பேராதனையில். நெஞ்சு நோயுள்ள முயலுக்கு மலையிறங்கும் அந்த நெடும் பயணத்தின் அலைச்சலும் பயமுமே ஆபத்து. நன்றாகத் தின்று, மூச்சும் சீராக இருந்து, அளவும் எடைக்குப் பொருந்தினால், சில வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டால் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தின்பதை நிறுத்தினாலோ, சும்மா இருக்கும்போதே விலா வேகமாக ஏறி இறங்கினாலோ தாமதிக்க வேண்டாம். மூடிய கூடையில், பழகிய புல்லோடு, குளிர் படாமல் கொண்டுபோங்கள். பழைய படத்தையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். அளவு கூடியிருக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் வைத்தியர் சொல்ல முடியும்.