மெடிக்கெய்டில் ஆட்டிசக் குழந்தைகள்: ஓர் உரிமையின் வரலாறு

மெடிக்கெய்டு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் ஆகும். 1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். செலவை ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றிய அரசு பொது விதிகளை வகுக்க, மாநிலங்கள் திட்டத்தை நடத்துகின்றன. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள குழந்தைகளும் மனநலச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளும் இன்று இத்திட்டத்தின் வழியே பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, வீட்டிலேயே தரப்படும் உளவியல் உதவி முதலியவற்றைப் பெறுகிறார்கள். இந்த உரிமைக்கான சட்ட வாசகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அது நடைமுறைக்கு வந்ததோ பெற்றோர்கள் தொடுத்த வழக்குகளால்தான்.

தொடக்கம்

1963இல் குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த பணிக்குழு ஒன்று, படைக்கு ஆள் சேர்க்கையில் ஏன் இத்தனை இளைஞர்கள் தகுதியற்றவர்களாகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1964 ஜனவரியில் வெளிவந்தது. இளைஞர் அனைவரையும் சோதித்தால் மூவரில் ஒருவர் தேறமாட்டார் என்றது அது. சிறு வயதிலேயே கண்டறிந்திருந்தால் தீர்த்திருக்கக்கூடிய உடல், மனக் குறைகள் பலரிடம் இருந்தன.

இதன் தொடர்ச்சியாக 1967ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களில், மெடிக்கெய்டில் உள்ள 21 வயதுக்குட்பட்டோருக்கெனத் தனிப் பயன் ஒன்று சேர்க்கப்பட்டது. குழந்தைகளைக் குறித்த கால இடைவெளிகளில் பரிசோதித்து, குறையை முன்கூட்டியே கண்டறிந்து, சிகிச்சை அளிப்பதே அதன் நோக்கம். ஆங்கில முதலெழுத்துகளால் இது இ.பி.எஸ்.டி.டி. என்று வழங்குகிறது.

வீட்டுக்கு வந்த குழந்தை

அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது மூளையழற்சிக்கு ஆளாகி, செயற்கைச் சுவாசக் கருவியைச் சார்ந்திருக்க நேர்ந்தது. மருத்துவமனையில் இருக்கும்வரை மெடிக்கெய்டு செலவை ஏற்றது. வீட்டுக்குச் சென்றால் பெற்றோரின் வருமானம் கணக்கில் சேர்ந்து உதவி நின்றுவிடும். வீட்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவு மருத்துவமனைச் செலவைவிட மிகக் குறைவு என்றபோதும் விதி அப்படித்தான் இருந்தது. 1981 நவம்பரில் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன் செய்தியாளர் சந்திப்பில் இதை வெளிப்படையாகக் குறை கூறினார். விதி தளர்த்தப்பட்டு, அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முன் கேட்டி வீடு திரும்பினார்.

1982ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பொதுவாக்கியது. நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டிய அளவுக்குத் தேவை உள்ள குழந்தையை, பெற்றோரின் வருமானத்தைப் பாராமல், வீட்டிலேயே மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ள மாநிலங்களுக்கு அது வழிவகுத்தது. கேட்டிக்கு ஆட்டிசம் இல்லை. ஆயினும் அவர் பெயரால் வழங்கும் இவ்வழியில், பின்னர் ஆட்டிசம் உள்ள நடுத்தரக் குடும்பக் குழந்தைகள் பலரும் திட்டத்துக்குள் வந்தனர்.

1989ஆம் ஆண்டுத் திருத்தம்

1989இல் நாடாளுமன்றம் இ.பி.எஸ்.டி.டி. பிரிவை வலுப்படுத்தியது. உடல் அல்லது மனக் குறையைச் சரிசெய்யவோ அதன் கடுமையைக் குறைக்கவோ தேவையான சிகிச்சை மெடிக்கெய்டு சட்டம் அனுமதிக்கும் வகைகளுள் அடங்குமானால், மாநிலத்தின் சொந்தத் திட்டப் பட்டியலில் இல்லாவிட்டாலும், அதைக் குழந்தைக்கு வழங்கியாக வேண்டும் என்றாயிற்று. 'கடுமையைக் குறைக்க' என்ற சொற்களே ஆட்டிசத்தைப் பொறுத்தவரை முக்கியமானவை. முழுவதும் குணமாகும் நிலைக்கு மட்டுமே சிகிச்சை என்று சட்டம் சொல்லியிருந்தால், வாழ்நாள் முழுதும் தொடரும் ஆட்டிசத்துக்கு அதில் இடம் இருந்திருக்காது.

நீதிமன்றங்களில்

சட்டம் தெளிவாக இருந்தும் பல மாநிலங்கள் தயங்கின. ஆட்டிசப் பயிற்சி குழந்தைக்குப் புதிய திறனைக் கற்பிக்கிறது. மெடிக்கெய்டோ இழந்த திறனை மீட்கும் மறுவாழ்வுச் சேவைக்கே பணம் தரும் என்பது அவை காட்டிய ஒரு காரணம். ஒஹாயோ மாநிலம் 2008இல் இத்தகைய வரம்பை விதிக்க முயன்றபோது, பெற்றோர் அமைப்பு ஒன்று நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது.

ஃபுளோரிடா வேறொரு காரணம் சொன்னது. பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்னும் பயிற்சிமுறை இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது என்று கூறி அம்மாநில மெடிக்கெய்டு அதற்குப் பணம் தர மறுத்தது. 2012 மார்ச்சில் ஒன்றிய மாவட்ட நீதிபதி ஜோன் லெனார்டு அவ்வாதத்தை நிராகரித்து, பயிற்சியை வழங்குமாறு உத்தரவிட்டார்.

மனநலத் துறையில் மாசசூசெட்ஸ் வழக்கு குறிப்பிடத்தக்கது. கடுமையான மனவெழுச்சிச் சிக்கல்கள் கொண்ட குழந்தைகள், வீட்டில் உதவி கிடைக்காததால் மருத்துவமனைகளில் தேவைக்கு மேல் தங்க நேர்கிறது என்று 2001இல் 'ரோசி டி.' என்னும் மாற்றுப்பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. 2006 ஜனவரியில் நீதிபதி மைக்கேல் பான்சர், மாநிலம் இ.பி.எஸ்.டி.டி. விதியை மீறியதாகத் தீர்ப்பளித்தார். அதன்பின் குழந்தைகளுக்கு மனநல முன்பரிசோதனையும், 2009 முதல் வீட்டுக்கே வரும் சிகிச்சை, நெருக்கடி உதவிக் குழு முதலிய சேவைகளும் ஏற்படுத்தப்பட்டன.

2014ஆம் ஆண்டு அறிவிப்பு

2014 ஜூலை 7 அன்று, திட்டத்தை மேற்பார்க்கும் ஒன்றிய அரசின் முகமை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு விளக்கம் அனுப்பியது. ஆட்டிசத்துக்கு மருத்துவ அடிப்படையில் தேவைப்படும் சிகிச்சைகள் இ.பி.எஸ்.டி.டி.யின் கீழ் வரும் என்றும், அவற்றைத் தடுப்புச் சேவை உள்ளிட்ட வேறு வகைகளின் கீழும் வழங்கலாம் என்றும் அது கூறியது. மறுவாழ்வா, புதுத் திறனா என்ற பழைய வழக்கு இதனால் வலுவிழந்தது. குறிப்பிட்ட ஒரு பயிற்சிமுறையை மட்டும் அது கட்டாயமாக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தம் விதிகளை மாற்றின. டெக்சாஸ் மாநில மெடிக்கெய்டு நடத்தைப் பகுப்பாய்வுப் பயிற்சியை ஏற்றது 2022 பிப்ரவரியில்தான்.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

- உரிமை இருந்தாலும் பயிற்சியாளர் போதிய அளவில் இல்லாத இடங்களில் குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.
- இ.பி.எஸ்.டி.டி. 21 வயதோடு முடிகிறது. ஆட்டிசம் முடிவதில்லை. அதன்பின் தேவைப்படும் சமூகச் சேவைகளுக்குப் பல மாநிலங்களில் நீண்ட காத்திருப்புப் பட்டியல்கள் உள்ளன.
- நடத்தைப் பகுப்பாய்வுப் பயிற்சி, குழந்தையின் இயல்பை அடக்கி மற்றவர்போல் நடக்க வைக்கிறது என ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் விமர்சிக்கின்றனர். எந்தச் சேவை கிடைக்கிறது என்பதோடு, அது யாருடைய தேவையை நிறைவு செய்கிறது என்ற கேள்வியும் இப்போது எழுந்துள்ளது.

1967இல் தொடங்கி 1989இல் உறுதிபெற்ற வாக்குறுதி, கடைசி மாநிலத்தை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த இடைவெளியில் வளர்ந்து 21 வயதைக் கடந்துவிட்ட குழந்தைகளுக்குப் பின்வந்த தீர்ப்புகளால் பயன் கிடைக்கவில்லை. நலத்திட்டச் சட்டம் ஒன்றை மதிப்பிடும்போது, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதோடு, அது குழந்தையிடம் எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.