நாராயணவனத்து யாதவராயரும் அண்டை அரசுகளும்

முன்னுரை

புத்தூருக்கு அருகில் அருணையாற்றங்கரையில் அமைந்துள்ள நாராயணவனம், ஆகாசராசன் மகளாகிய பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணந்த ஊர் என்ற தலபுராணச் செய்தியால் பலராலும் அறியப்பட்டது. 2022ஆம் ஆண்டு முதல் இவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பிற்காலச் சோழர் காலத்தில் இதனைத் தலைமையிடமாகக் கொண்டு யாதவராயர் என்னும் குறுநில மன்னர் ஆண்டனர் என்ற வரலாற்றுச் செய்தி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. பேரரசுகள் பல மோதிய எல்லைப்பகுதியில் இக்குறுநிலக் குடி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தமைக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோழ மேலாண்மை

யாதவராயர் தம்மைச் 'சசிகுலச் சளுக்கி' என்று கல்வெட்டுகளில் குறித்துக்கொண்டனர். மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218), மூன்றாம் இராசராசன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் கொண்ட காளத்திக் கல்வெட்டுகளில் இவர்கள் சோழருக்கு அடங்கிய தலைவர்களாகவே காட்சி தருகின்றனர். சோழர் வலிமை குன்றிய நிலையில் காடவர் தலையெடுத்தனர். வீரநரசிங்கதேவ யாதவராயர் உரத்தி என்னுமிடத்தில் காடவரோடு பொருதார். 1231இல் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படையனுப்பிச் சோழனை மீட்டான். மேலரசனே பிறர் துணையை நாடிய இக்காலத்தில் குறுநில மன்னர் தம் பாதுகாப்பைத் தாமே தேடிக்கொள்ள நேர்ந்தது.

ஆட்சியாண்டு காட்டும் மாற்றம்

இம்மாற்றத்தைத் திருமலைக் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. திருப்புல்லாணிதாசர் என்பார் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தபோது, இடிக்கப்பட்ட சுவர்களிலிருந்த பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு மீண்டும் பொறிக்கப்பட்டன. இப்பணி வீரநரசிங்கதேவரின் நாற்பதாம் ஆட்சியாண்டில் நிகழ்ந்தது. இங்குக் குறிக்கப்படுவது சோழனின் ஆட்சியாண்டன்று, யாதவராயரின் ஆட்சியாண்டே. போர் அறிவிப்போ முடிபுனைதலோ இன்றி, ஆண்டுக் கணக்கின் வழியாகவே ஒரு குறுநிலம் தன் தன்னாட்சியை உணர்த்தியது எனலாம். தம் எடைக்கு எடை பொன் துலாபாரம் தந்து விமானத்திற்குப் பொன் வேய்ந்ததும் பேரரசர்க்குரிய செயலை அவர் மேற்கொண்டமைக்குச் சான்றாகும்.

பாண்டியரும் போசளரும்

காகதீயர் 1249இல் காஞ்சியில் கல்வெட்டுப் பொறிக்கும் அளவிற்குத் தெற்கே வந்தனர். அதனையடுத்து முதலாம் சடாவர்மன் சுந்தரபாண்டியன் தெலுங்குச் சோழரை வென்று நெல்லூர்வரை சென்றான். திருமலை விமானத்தில் அவன் பொற்கலசம் அமைத்தான். யாதவராயர் பொன் வேய்ந்த விமானத்திலேயே வெற்றிவேந்தனும் தன் கொடையை நாட்டினான். ஆயினும் உள்ளூர் ஆட்சிக் குடியை அகற்றவில்லை.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் தண்டநாயகரான சிங்கய தண்ணாயக்கர் திருமலையில் 'சீதகரகண்டன் சந்தி' என்னும் வழிபாட்டை ஏற்படுத்தினார். அவருடைய வேண்டுகோளின்படி அதற்கான ஊரை வழங்கியவர் திருவேங்கடநாத யாதவராயர். விரும்பியவர் போசளர் தண்டநாயகர். நிலம் வழங்கியவர் யாதவராயர். வலியவரின் விருப்பத்தை ஏற்கும் நிலையிலும், நிலத்தை வழங்கும் உரிமை உள்ளூர் மன்னரிடமே இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஒப்புநோக்கு

இத்தகைய உறவுமுறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. தென்கிழக்காசியப் பழைய அரசுகளை விளக்க ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் 'மண்டலம்' என்னும் கருத்தைக் கையாண்டார். அவ்வரசுகளுக்கு எல்லைக்கோடு முதன்மையன்று. மையத்திலிருந்து விலக விலக மேலாண்மை தளர்ந்தது. தாய்லாந்தின் சுகோத்தாய் 1378இல் அயுத்தியாவுக்குப் பணிந்தது. எனினும் அதன் மன்னர் குடி 1438வரை தொடர்ந்தது. நாராயணவனத்தார் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. வேங்கடத்துக் கோயில், பகைவரும் தத்தம் கொடையைப் பொறிக்கும் பொதுவிடமாக அமைந்தது. அக்கோயிலைப் புரந்தவர் என்ற தகுதியே யாதவராயர்க்குப் படைவலியை விஞ்சிய அரணாயிற்று.

முடிவுரை

விசயநகர எழுச்சியோடு இந்நிலை மாறியது. ஸ்ரீரங்கநாத யாதவராயர்க்குப் பின் இக்குடியின் ஆட்சி மறைந்தது. 1359இல் சாளுவ மங்கிதேவன் திருமலை விமானத்தில் பொற்கலசம் நாட்டினான். புரவலர் மாறியதை அதே விமானம் மீண்டும் பதிவு செய்தது.

திருப்பதி தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றில் தமிழக வரலாற்றாளர் பேரரசர் பெயர்களையே முதலில் தேடுகின்றனர். ஆந்திர வரலாற்றில் இத்தமிழ்ச் சான்றுகள் ஓரத்தில் நிற்கின்றன. இரண்டு மாநிலங்களின் வரலாற்றுக்கும் இடையில் யாதவராயர் விடுபட்டுப் போகின்றனர். மெய்க்கீர்த்திகள் வென்றவர் கூற்றை மட்டுமே தருவன. வெல்லப்பட்டும் நிலைத்தவர் வரலாற்றை அறிய, கொடைக் கல்வெட்டுகளில் யாருடைய ஆட்சியாண்டு குறிக்கப்படுகிறது, யார் வேண்ட யார் நிலம் தந்தார் என்பனவற்றை நிரல்பட ஆராய்தல் வேண்டும். நாராயணவனம் அத்தகைய ஆய்வுக்குரிய களமாக உள்ளது.