புத்தகத்தில் ஏறாத அடுப்பு

பல்லடத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "கொங்குச் சமையல்னு இத்தன புக்கு இருக்குது. எங்க அவ்வா சமைச்சது ஒண்ணுலயும் இல்லையே, ஏனுங்க?"

நாங்களும் கையில் கிடைத்தவற்றைப் புரட்டினோம். சந்தகை, ஒப்பிட்டு, அரிசிம்பருப்பு சாதம், பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் இருந்தன. மாட்டுக்கறி உப்புக்கண்டம் இல்லை. ரத்தப் பொரியலும் இல்லை.

தமிழ்ச் சமையல் நூல்களில் பெரும்பெயர் பெற்றது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் வந்தது. புதுக்குடித்தனம் போகும் பெண்ணுக்கு அளவோடு சொல்லிக்கொடுத்த நல்ல புத்தகம்தான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு பிராமண வீட்டுச் சைவச் சமையல், காலப்போக்கில் 'தமிழ்ச் சமையல்' என்ற பொதுப்பெயரைப் பெற்றுக்கொண்டது. எழுத்தும் அச்சும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள் அடுப்பே எல்லோருடைய அடுப்பாகவும் ஆனது.

அமெரிக்காவிலும் இப்படித்தானா? கொஞ்சம் வேறு மாதிரி. வர்ஜீனியாவின் மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட நூல் அந்நாட்டு வட்டாரச் சமையல் நூல்களுக்கு முன்னோடி. அதில் வெண்டைக்காய்ச் சமையல் இருக்கிறது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து போனது. அத்தகைய வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். அட்டையில் எஜமானியின் பெயர். 1866இல்தான் மலிண்டா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண் தன் பெயரிலேயே ஒரு சமையல் நூலை அச்சிட்டார். அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. இவர்களைப் போன்ற கறுப்பினப் பெண்களின் நூல்களைத் திரட்டி டோனி டிப்டன்-மார்ட்டின் 2015இல் ஒரு வரலாறே எழுதினார்.

அங்கே கையை வைத்துக்கொண்டு பெயரை அழித்தார்கள். இங்கே அந்தக் கையே தீட்டு. சோளம் விளைவித்துக் களத்தில் அடித்துக் கொடுக்கும் வரை தீட்டில்லை, உலையில் போட்டால் மட்டும் தீட்டு! பழங்கதை என்று நினைக்க வேண்டாம் தோழர்களே. நம் மாவட்டத்தில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், 2018 ஜூலையில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. சத்துணவுக் கூடத்துக்குள் விடாதவர்கள் சமையல் புத்தகத்துக்குள்ளா விடுவார்கள்?

மராத்தியில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புனே பல்கலைக்கழகத்தில் ஷர்மிளா ரேகேவும் மாணவர்களும் தலித் உணவு நினைவுகளை 2009இல் தொகுத்தார்கள். ஷாஹூ பாடோலே மராத்வாடா தலித் சமையலைச் செய்முறைகளோடு 2015இல் நூலாக்கினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

நாங்களும் அந்த மாணவியின் அவ்வாவிடம் போய் உட்கார்ந்தோம். கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போட வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டோம். "தட்டுனா சத்தம் கேக்கோணும், அதுவரைக்கும்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். மேலே அவர் பெயரையும் எழுதினோம்.