ஒட்டுறவு: கோலாலம்பூர் அரிசி ஆய்வுகள்

ஒட்டுறவு என்பது இரு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவைக் குறிக்கும் புள்ளியியல் கருத்து. பிரான்சிஸ் கால்டன் 1888இல் முன்வைத்த இக்கருத்துக்குக் கார்ல் பியர்சன் 1896இல் கணித வடிவம் தந்தார். அவருக்கு முன்பே பிரெஞ்சு அறிஞர் பிராவே இதைக் கண்டறிந்தார் என்பாரும் உண்டு. ஒட்டுறவின் அளவைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவின் மதிப்பு −1 முதல் +1 வரை அமையும்.

ஒட்டுறவைக் காரணம் என்று கொள்ளலாமா என்ற கேள்வியை, பெரிபெரி நோய் மலாயாவில் கூர்மையாக எழுப்பியது. வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் அந்நோயால் பெருமளவில் இறந்தனர். தமிழரிடையே நோய் அரிது. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய புழுங்கல் அரிசியே அவர்கள் உணவு. அவிக்கும்போது தவிட்டுச் சத்து மணிக்குள் இறங்கிவிடும். நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907இல் நூல் வெளியிட்டார். ஆனால் கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று கருதினார்.

இனம், தொழில், குடியிருப்பு எல்லாமே வேறுபட்டிருக்க, அரிசியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905–06இல் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படையினரை மற்றொன்றிலும் வைத்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். நோய்க்குக் கட்டடம் காரணமாகுமோ என்றறிய, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். இந்த இடமாற்றம் தனிப் பாராட்டுக்குரியது. வெள்ளை அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோரில் ஒருவரும் இறக்கவில்லை. நஞ்சா, சத்துக் குறைவா என்பதை அவர் முடிவு செய்யவில்லை. முதல் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளில் இதுவும் ஒன்று என்பர் சிலர். ஒன்றுவிட்டு ஒன்று பிரிப்பது முழுமையான சீரற்ற ஒதுக்கீடு ஆகாது என்பது மறுப்பு.

அரிசி வகை எண்ணளவு மாறி அன்று என்பதால் பியர்சன் கெழு இங்கே நேரடியாகப் பொருந்தாது. 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் எண்ணளவு மாறியைக் கண்டனர்: அரிசியில் பாஸ்பரஸ் குறையக் குறைய நோய் மிகுந்தது. ஆயினும் பாஸ்பரஸ் காரணம் அன்று. தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போகிறது; உண்மைக் காரணமான தயமின் என்னும் வைட்டமின் இழப்புக்கு அது அடையாளம் மட்டுமே.

தயமின் 1926இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது.