வெள்ளைக் கோபுரத்தடியில்

ஸ்ரீரங்கம் பார்க்க வரும் உறவினர்களை நான் ராஜகோபுரத்தில் அதிகம் நிறுத்துவதில்லை. 236 அடி உயரம், 1987இல் முடிந்தது என்று சொல்லிவிட்டு, கிழக்கு வாசலின் வெள்ளைக் கோபுரத்துக்கு அழைத்துப்போவேன்.

1323இல் டில்லிப் படை வந்தபோது, வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் கோவிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாளோடு தெற்கே போனார். தேவதாசி வெள்ளையம்மாள் படைத்தலைவனை மயக்கிப் பல நாள் தாமதப்படுத்தி, கடைசியில் இந்தக் கோபுரத்தின் மேலே கூட்டிப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்தாள் என்பது ஊர் வழக்கு. நம்பெருமாள் திரும்பி வந்தது 1371இல்.

ஊர் காட்டப் பல வழிகள் உண்டு: இங்கிலாந்தின் யார்க் நகரில் இரவில் பேய்க்கதை சொல்லியே பயணிகளைத் தெருத்தெருவாக அழைத்துப்போகிறார்கள். வெள்ளையம்மாளைப் பேயாக்க எனக்கு மனம் வராது. இந்த வாசலைக் கடக்கும்போது அவள் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.